இதயம் கொழுப்பில் ஓடுகிறது என்றால், அப்பாவைக் கீட்டோ உணவில் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. 12 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் பெரிய மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதம் என்கிறார்கள். போன வாரம் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை நோயாளி என்று தெரிந்தும் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்தார்கள், அப்புறம் இன்சுலினும் ஏற்றினார்கள். என் பெரியம்மாவுக்கு இதயத்தில் சார்க்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் இதே ஸ்கேன் எடுத்தபோது, முந்தின நாள் மாவுச்சத்தே கூடாது, கொழுப்பாகச் சாப்பிடுங்கள் என்றார்கள். எது சரி? இதயம் கொழுப்பில்தான் ஓடுகிறது, அதனால் மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பை ஏற்றும் கீட்டோ உணவுக்கு மாறினால் பம்பிங் ஏறும் என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டுத் தம்பி அதை ஆரம்பிக்கத் தயாராக இருக்கிறான். அத்தையோ, பலவீனமான இதயத்துக்குத் தெம்பு வேண்டும் என்று தினமும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறார். அப்பா எடுக்கும் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், டிரைமெட்டாசிடின், ஸ்டாட்டின் ஆகியவை இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீட்டோவை ஆரம்பிக்க வேண்டாம் என்று தம்பியைத் தடுத்து வையுங்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடும் சர்க்கரை நோயாளி மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான ஒரு நிலை வரலாம். அத்தையின் குளுக்கோஸ் தண்ணீரும் வேண்டாம். அதில் அவ்வளவு அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

இனி நிதானமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு ஸ்கேன்கள். இதயம் எதை எரிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரண்டு இடத்திலும் செய்தது சரிதான்.

பெட் ஸ்கேனுக்காக நரம்பில் ஏற்றுவது, ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சுமந்த ஒரு போலிக் குளுக்கோஸ். செல் அதை நிஜக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் முதல் வேதிமாற்றம் நடக்கும். அதற்கு மேல் அதை உடைக்கவும் முடியாது, சுலபத்தில் வெளியே தள்ளவும் முடியாது. அங்கேயே மாட்டிக்கொள்ளும். எந்தச் செல் சர்க்கரையை அதிகம் இழுக்கிறதோ, அது படத்தில் பளிச்சென்று தெரியும்.

வெறும் வயிற்றில் இருக்கும் இதயம் சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் மிதந்துகொண்டிருக்க, அதையே எரித்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். அந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்தால் தசை முழுக்க மங்கலாகத்தான் தெரியும். உங்கள் அப்பாவின் மருத்துவருக்குத் தேவைப்பட்டது வேறு: மாரடைப்பில் அடிபட்ட பகுதி செத்துத் தழும்பாகிவிட்டதா, உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கிறதா? அதைக் கண்டுபிடிக்க, உயிருள்ள தசை எல்லாம் சர்க்கரையை இழுக்கும்படி செய்ய வேண்டும். அதற்குத்தான் குளுக்கோஸ், அதற்குத்தான் இன்சுலின். இன்சுலின் ஏறியதும் உடம்பின் கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலத்தை வெளியே விடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. கூடவே, இதயச் செல்லுக்குள் மடங்கிக் கிடக்கும் குளுக்கோஸ் வாசல்கள் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. சில மணி நேரத்துக்கு இதயம் சர்க்கரைக்கு மாறிவிடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்தும் சர்க்கரையை இழுக்கும் இடம் உயிருள்ள தசை. இரண்டுமே இல்லாத இடம் தழும்பு. ஒரு நாள் கண்காணிப்பில் கொடுத்த அந்தக் குளுக்கோஸால் அப்பாவுக்குக் கெடுதல் எதுவும் நடந்திருக்காது.

பெரியம்மாவுக்குத் தேவை நேர் எதிரானது. சார்க்காய்டோசிஸில் இதயத்துக்குள் குடியேறும் அழற்சிச் செல்கள் எப்போதும் சர்க்கரையை விழுங்கும். அவை தனியாகத் தெரிய வேண்டுமென்றால், சுற்றியுள்ள நல்ல தசை சர்க்கரையைத் தொடக்கூடாது. அதனால் மாவுச்சத்தை நிறுத்தி, கொழுப்பைக் கொடுத்து, நீண்ட நேரம் பட்டினியும் போடுகிறோம். ஒரே உறுப்பு, ஒரே மருந்து. முந்தைய சாப்பாட்டை மாற்றினால் படமே மாறிவிடுகிறது. (பிரியாணியோ இனிப்போ தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வந்து ஸ்கேன் வீணாவதும் உண்டு. அதனால்தான் முந்தின நாள் அத்தனை தடவை கேட்கிறோம்.)

ஆக, வீடியோவில் சொன்ன முதல் பாதி உண்மைதான். நல்ல நிலையில் இருக்கும் இதயம் தன் சக்தியில் பெரும்பங்கைக் கொழுப்பு அமிலத்திலிருந்துதான் எடுக்கிறது. மனிதர்களிடம் இதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். இதயத் தசைக்குள் போகும் ரத்தத்தையும், தசையைக் கடந்து வெளியே வரும் ரத்தத்தையும் ஒரே சமயத்தில் எடுத்து, எந்தப் பொருள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. 1940-களின் கடைசியில் ரிச்சர்ட் பிங் போன்றவர்கள் தொடங்கிவைத்த வழி அது. 2020-இல் 110 பேரிடம் நவீனக் கருவிகளோடு அதையே செய்து பார்த்தபோது, பட்டினியில் இருந்தவர்களின் நல்ல இதயங்களில் ஏறக்குறைய 85 சதவீதம் கொழுப்பு அமிலம்தான் என்று வந்தது. குளுக்கோஸின் பங்கு மிகச் சொற்பம்.

ஆனால் "கொழுப்பில் ஓடுகிறது" என்று அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். நன்றாகச் சாப்பிட்ட பிறகு இன்சுலின் ஏறினால் இதயம் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். வேகமாக ஓடினால், கால் தசைகள் வெளியே தள்ளும் லாக்டேட்டை வாங்கி எரிக்கும். நீண்ட பட்டினியில், கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோனைப் பயன்படுத்தும். தாயின் வயிற்றில், ஆக்சிஜன் குறைவான சூழலில் இருந்தபோது குளுக்கோசையும் லாக்டேட்டையும் நம்பித்தான் இருந்தது. பிறந்த பிறகுதான் கொழுப்புக்கு மாறியது. கிடைப்பதை வைத்துச் சமாளிக்கும் இந்தத் திறமைதான் ஆரோக்கியமான இதயத்தின் அடையாளம். நோய் வரும்போது முதலில் கெடுவதும் அதுதான்.

ஏன் இத்தனை ஏற்பாடு? இதயம் ஓர் அன்றாடங்காய்ச்சி. சுமார் 300 கிராம் எடையுள்ள இந்தத் தசை, நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிப்பதற்காக ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறைக் கிலோ கணக்கில் தயாரித்துச் செலவழிக்கிறது. ஆறு கிலோ அளவுக்கு வரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கையிருப்போ சில நொடிகளுக்குத்தான். அதனால் ஒவ்வொரு இதயச் செல்லிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தை, ஏ.டி.பி. தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் இடைவிடாமல் வந்தாக வேண்டும்.

கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பால்மிடிக் அமிலம் என்ற சாதாரணக் கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறு 106 ஏ.டி.பி. தரும். குளுக்கோஸ் 30 அல்லது 32 தரும். கொழுப்பு கனமான எரிபொருள். ஆனால் செலவாகும் ஆக்சிஜனைக் கணக்கில் எடுத்தால் நிலைமை மாறுகிறது. அதே அளவு ஆக்சிஜனுக்குக் குளுக்கோஸ் பத்து சதவீதம் போலக் கூடுதலாக ஏ.டி.பி. தரும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போது இது பொருட்டே இல்லை. குழாய் சுருங்கி, ஆக்சிஜன் தட்டுப்பாடு வரும்போது பொருட்டுதான். இரண்டு எரிபொருளும் ஒன்றையொன்று தடுக்கவும் செய்யும்: கொழுப்பு நிறைய எரிந்தால் சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசல் பாதி மூடிக்கொள்ளும். ஃபிலிப் ராண்டில் குழுவினர் 1963-இலேயே இதை விளக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இதயத் தசை எரிக்கும் கொழுப்பு வேறு, ரத்தக் குழாயில் படியும் கொழுப்பு வேறு. தசைக்குள் எரிவது கொழுப்பு அமிலம். குழாயின் சுவரில் புகுந்து அடைப்பை உண்டாக்குவது எல்.டி.எல். துகள்கள் சுமந்து வரும் கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ராலை எரித்துச் சக்தி எடுக்க இதயத்தால் முடியாது. "இதயம் கொழுப்பை விரும்புகிறது, அதனால் கொழுப்பு சாப்பிடு" என்பதில் இருக்கும் ஓட்டை இதுதான். தட்டில் நிறைவுற்ற கொழுப்பு ஏறினால் எல்.டி.எல். ஏறும், ஸ்டென்ட் வைத்த குழாயில் ஆபத்து ஏறும். தசைக்கு அதனால் கூடுதலாக ஒரு சொட்டுச் சக்தியும் வராது, ஏனென்றால் எரிபொருளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஒல்லியான ஆளின் உடம்பிலும் இதயத்துக்கு வாரக் கணக்கில் போதுமான கொழுப்பு இருக்கும். அதே காரணத்தால், ஸ்டாட்டின் சாப்பிட்டால் இதயத்துக்குக் கொழுப்பு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். அது கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்து, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ அகற்ற வைக்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 55 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. அப்பாவின் கடைசி ரிப்போர்ட்டில் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் அந்த எண் இல்லை. கீட்டோவைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சரி, அப்பாவின் இதயத்துக்கு வருவோம். அவருக்கு மூன்று பிரச்சினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

முதலாவது சர்க்கரை நோய். ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்து வழிந்தாலும், இன்சுலின் சொல்வதைக் கேட்காத இதயச் செல் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. மறுபக்கம் கொழுப்பு அமிலங்கள் வெள்ளமாக வருகின்றன. இதயம் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பையே நம்பும் நிலைக்குப் போகிறது. எரித்தது போக மிஞ்சுவது செல்லுக்குள்ளேயே தேங்கி, துணைப்பொருட்களாக மாறித் தொல்லை கொடுக்கிறது. அதே துடிப்புக்கு ஆக்சிஜன் செலவும் கூடுகிறது. குழாயில் அடைப்பே இல்லாத சர்க்கரை நோயாளிகளிடம்கூட இதயத் தசை கெடுவதை 1972-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1974-இல் வெளிவந்த ஃபிரேமிங்காம் ஆய்வில், சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று தெரிந்தது. இதைப் படித்தால் தம்பிக்குச் சங்கடமாக இருக்கும்: அப்பாவின் இதயம் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கொழுப்பைச் சார்ந்திருந்த இதயம்தான்.

இரண்டாவது மாரடைப்பு. குழாய் அடைத்ததும் ஆக்சிஜன் நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாமல் கொழுப்பை எரிக்கவே முடியாது. குளுக்கோஸை மட்டும் அரைகுறையாக உடைக்கலாம். அப்படி உடைத்தால் 30-க்குப் பதில் 2 ஏ.டி.பி.தான் கிடைக்கும், அமிலமும் சேரும். சில நிமிடங்களுக்கு அது செல்லை உயிரோடு வைத்திருக்கும். குழாயைத் திறப்பதுதான் வைத்தியம். உங்கள் அத்தையின் யோசனை புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1962-இல் மெக்சிகோவின் சோடி பாயாரேஸ், மாரடைப்பு வந்தவர்களுக்குக் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து ஏற்றலாம் என்றார். கேட்பதற்குக் கச்சிதமான யோசனை, பல பத்தாண்டுகள் நம்பிக்கையோடு பேசப்பட்டது. 2005-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தபோது இறப்பு விகிதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. நரம்பில் இன்சுலினோடு ஏற்றியே பலன் இல்லாதபோது, தம்ளரில் கரைத்துக் கொடுப்பதில் என்ன கிடைக்கும்? அப்பாவின் ரத்தச் சர்க்கரை ஏறும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறும். ஒரே விதிவிலக்கு: சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால், உடனே குளுக்கோஸ் கொடுங்கள். அதற்காக ஒரு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். அத்தையிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் அவருக்கும் மனக்குறை இருக்காது.

மூன்றாவது இப்போதிருக்கும் நிலை, அதாவது பம்பிங் 35. செயலிழக்கும் இதயத்தில் மைட்டோகாண்ட்ரியாக்கள் சோர்ந்துவிடுகின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் நாளடைவில் குறைகிறது. குளுக்கோஸை முதல் கட்டம் வரை உடைப்பது கூடுகிறது, ஆனால் அதை முழுதாக எரித்து முடிப்பது கூடுவதில்லை. ஏ.டி.பி. கையிருப்பு 30 சதவீதம் வரைகூடக் குறையலாம். எரிபொருள் வாசலில் குவிந்து கிடக்க, அதைச் சக்தியாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. கொழுப்பைக் கட்டாயமாக நிறுத்தினாலும் உதவாது: இதயத் தசை நோயாளிகளின் ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தை மருந்தால் சட்டென்று குறைத்துப் பார்த்தபோது இதயத்தின் வேலைத்திறன் குறைந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆக, கூட்டியும் பலனில்லை, வெட்டியும் பலனில்லை.

கீட்டோன் விஷயத்தில் தம்பியின் வீடியோவுக்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நான் மேலே சொன்ன 110 பேர் ஆய்வில், நல்ல இதயங்களில் 6 சதவீதம் போல இருந்த கீட்டோனின் பங்கு, செயலிழந்த இதயங்களில் 16 ஆக இருந்தது. 2019-இல் டென்மார்க்கில், பம்பிங் குறைந்த சிலருக்குக் கீட்டோனை நரம்பில் ஏற்றியபோது இதயம் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளியது. சுவாரசியமான விஷயம்தான். ஆனால் அது சில மணி நேரப் பரிசோதனை, விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள், பக்கத்திலேயே மருத்துவர்கள். அதிலிருந்து "வீட்டில் மாவுச்சத்தை நிறுத்தினால் பம்பிங் ஏறும்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அப்படி ஏறியதாகக் காட்டும் பெரிய, நீண்ட கால ஆய்வு எதுவும் கையில் இல்லை.

அப்பாவிடம் ஏற்கெனவே இருக்கும் டாபாகிளிஃப்ளோசின் அப்படியல்ல. அது 2019-இல் 4,744 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. இதயச் செயலிழப்பு மோசமாவது, இதய நோயால் இறப்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 26 சதவீதம் குறைந்தது, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட. இந்த மாத்திரை சிறுநீர் வழியாகத் தினமும் கணிசமான குளுக்கோஸை வெளியேற்றுகிறது. உடம்பு ஓரளவு பட்டினி இருப்பதாக நினைத்துக்கொண்டு கொஞ்சம் கீட்டோன் தயாரிக்கிறது. இதயத்துக்குக் கிடைக்கும் நன்மைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். உப்பு, நீர், சிறுநீரகம் வழியாக வரும் நன்மைதான் பெரிது என்று வேறு சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். மாத்திரையே கீட்டோனைச் சற்று ஏற்றிவிடுகிறது. அதன் மேல் மாவுச்சத்தையும் நிறுத்தினால் கீட்டோன் கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம். இதில் பொல்லாதது என்னவென்றால், வழக்கமான கீட்டோ அமிலத்தன்மையில் சர்க்கரை 300, 400 என்று எகிறும், வீட்டிலேயே பிடித்துவிடலாம். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் குளுக்கோமீட்டர் 160 காட்டிக்கொண்டிருக்கும்போதே அது நடக்கலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, அசாத்தியச் சோர்வு, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவை அறிகுறிகள். பம்பிங் குறைந்த ஒருவருக்கு மூச்சு வாங்கினால் எல்லோரும் இதயத்தைத்தான் சந்தேகிப்பார்கள். எனவே அவசரப் பிரிவுக்குப் போனால், "இவர் டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறார், ரத்தக் கீட்டோன் பாருங்கள்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாட்களில் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை எதுவும் வந்தால் மூன்று நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இன்சுலின் போடுபவராக இருந்தால் அதை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது.

உணவில் நான் சொல்வது சாதாரணமானதுதான். சர்க்கரை, வெள்ளை மாவு, இனிப்புப் பானங்களைக் குறைத்து, தவிடு நீக்காத தானியம், பருப்பு, காய்கறி என்று மாவுச்சத்தை அளவோடு வைத்துக்கொள்ளட்டும். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் கொட்டைகள், மீன், நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெய் வரட்டும். உப்பைக் குறைக்கட்டும். தட்டைவிட, மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்த்து நடக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். உழைக்கும் தசை இன்சுலினின் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும், இதயத்தின் மேல் வந்து கொட்டும் கொழுப்பு அமிலமும் சர்க்கரையும் குறையும்.

பெட் ஸ்கேன் முடிவு வந்ததும் ஒன்றை மனதில் வையுங்கள். உயிருள்ள தசை இருக்கிறது என்று வந்தாலும், மீதி அடைப்புகளை எல்லாம் உடனே திறந்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை. பம்பிங் குறைந்த 700 பேரிடம் செய்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இறப்பிலோ இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்படுவதிலோ குறைவு இல்லை. நெஞ்சு வலி இருக்கிறதா, எத்தனை குழாயில் அடைப்பு, பைபாஸுக்கு ஏற்றவரா என்பதைப் பொறுத்து மருத்துவர் முடிவெடுப்பார்.

கடைசியாக டிரைமெட்டாசிடின். கொழுப்பு எரிவதைச் சற்றே தடுத்து, ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சர்க்கரையின் பக்கம் இதயத்தைத் தள்ளுவதுதான் அதன் வேலை. கொள்கை அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்டென்ட் வைத்த ஆறாயிரம் பேரிடம் செய்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு இதைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. நெஞ்சு வலி தொடர்ந்தால் சிலருக்கு இதைக் கொடுக்கிறோம். அப்பாவுக்கு வலியே இல்லை என்றால், இது இன்னும் தேவையா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். கை நடுக்கமோ, நடையில் தடுமாற்றமோ, உடம்பு இறுக்கமோ புதிதாக வந்திருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். இந்த மருந்து சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரும். ஏற்கெனவே பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.